பதின்மூன்றும் அரையும் ஒன்றுதானாம்!

பக்கத்து வீட்டு அண்ணை அப்படித்தான் சொல்கிறார். ஒன்றில்லை. ஒன்றேயில்லை. அரை இஞ்சி ஸ்பானர் என்றால் அதன் வாய் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். பதின்மூன்று என்றால் பதின்மூன்று. இடையில் 0.3 மில்லிமீற்றர் கிடக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் இன்று என் சனிக்கிழமை முழுவதும் விழுந்து தொலைந்தது. கூடவே வலக்கை நடுவிரல் மூட்டின் தோலும், என் மொரிஸ் மைனர் காரில் எஞ்சின் சூட்டைப் பார்த்துக்கொள்கிற தெர்மோஸ்டாட்டின் மூடியைப் பிடித்திருந்த ஒரு ஸ்டட்டும், அதாவது தலையில்லாத போல்ட்டும்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்குக் கதை இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள், இது முடிய நேரமாகும்.

போன மாதம் வேலிக்கு அந்தப் பக்கத்து அண்ணை வந்தார். "தம்பி, அந்த அரை ஸ்பானரை ஒருக்காத் தாங்கோ, அஞ்சு நிமிசம்" என்றார். தண்ணீர் இறைக்கிற மெஷின் நின்றுவிட்டதாம், மிளகாய்க் கன்று வாடுதாம். பயிர் என்று சொன்ன பிறகு யார் மறுப்பது? வன்னியில் பயிரைச் சொல்லி உயிரையும் கேட்கலாம். எடுத்துக் கொடுத்தேன். அந்த அஞ்சு நிமிசத்துக்கு இன்றோடு 31 நாள்.

கொடுத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. அவருடைய மெஷின் ஜப்பான் சாமான். அதில் இஞ்சி நட்டே கிடையாது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, அவ்வளவுதான். அரை இஞ்சி ஸ்பானரைப் பன்னிரண்டு நட்டில் போட்டால் வழுக்கும், பதினான்கில் ஏறவே ஏறாது. அப்படியென்றால் அதை வைத்து அவர் என்னதான் செய்தார்? மிளகாய்க் கன்றுக்கு முட்டுக் கொடுத்தாரா?

முதல் கிழமை கேட்டேன். பொடியன் எங்கேயோ வைத்துவிட்டான் என்றார். இரண்டாம் கிழமை கேட்டபோது ஸ்பானர் மச்சானோடு ஒட்டுசுட்டானுக்குப் போயிருந்தது. மூன்றாம் கிழமை என் முகத்தைப் பார்த்து, "நான் அண்டைக்கே தந்திட்டனே தம்பி, நீங்கள்தான் எங்கேயோ மறந்துபோய் வைச்சிருப்பியள்" என்றார். அன்றிரவு நான் உண்மையிலேயே எழும்பிப்போய் டோர்ச் அடித்துச் சாக்கைக் கொட்டித் தேடினேன். அந்த அளவுக்கு உறுதியாகச் சொன்னார் மனிசன்.

அந்தச் சாக்கைப்பற்றியும் சொல்லவேண்டும். அது அப்பாவின் சாக்கு. 1996 இல் பரந்தனை விட்டு ஓடியபோது அப்பா வீட்டுக் கதவைப் பூட்ட மறந்தார், ஸ்பானர் சாக்கை மறக்கவில்லை. அக்கராயன், பிறகு மல்லாவி என்று சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டே திரிந்தார். 2009 இல் சாக்குத் தப்பியதற்குக் காரணம், அது அதற்கு முன்னமே வவுனியாவில் சித்தி வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. காரை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தோம். இப்போது நிற்கிறது நான் பிறகு யாழ்ப்பாணத்தில் வாங்கியது. ஆனால் ஸ்பானர் ஒன்றுகூடக் குறையவில்லை. அத்தனை இடம்பெயர்விலும் தொலையாத சாமான், வேலி தாண்டிப் பத்தடி போய்த் தொலைந்தது.

இன்னொன்று. அது இரண்டு பக்கமும் வாய் உள்ள ஸ்பானர். ஒரு பக்கம் அரை, மறு பக்கம் ஏழு பை பதினாறு (7/16 இஞ்சி). ஒன்றைக் கொடுத்தால் இரண்டு அளவு போனது. ஏழு பை பதினாறுக்குப் பதில் என்ன போடுவீர்கள்? 11.1 மில்லிமீற்றர் அது. பதினொன்று ஏறாது, பன்னிரண்டு சுற்றும். இங்கிலாந்துக்காரன் வேண்டுமென்றே செய்தானோ என்று சிலவேளை நினைப்பேன்.

சரி, நேற்றுப் பின்னேரம் அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். "இந்தாங்கோ தம்பி, உங்கட சாமான்." நானும் பார்க்காமல் வாங்கிச் சாக்குக்குள் போட்டேன். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மேல் இந்தப் பதிவில் என்னிடம் நியாயம் எதிர்பார்க்காதீர்கள்.

காருக்குப் பெரிய வருத்தமொன்றும் இல்லை. 1958 ஆம் ஆண்டு மைனர், 948 சீசீ எஞ்சின். தெர்மோஸ்டாட் மூடிக்குக் கீழே கஸ்கெட் கிழிந்து தண்ணீர் கசிந்தது. மூன்று நட்டு. மூன்றும் அரை இஞ்சி. கழற்றி, பழைய கஸ்கெட்டைச் சுரண்டி, புதியதை மட்டையில் வெட்டிப் போட்டு, திரும்பப் பூட்டினால் முடிந்தது. முக்கால் மணித்தியால வேலை. எட்டரைக்குத் தொடங்கினால் ஒன்பதேகாலுக்குக் கை கழுவிவிட்டுப் பிட்டுச் சாப்பிடலாம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

இந்த எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு அந்த மூன்று ஸ்டட்டையும் தெரியும். மூடி அலுமினியம், ஸ்டட் இரும்பு, நடுவே அறுபது வருடத்துச் சூடும் தண்ணீரும். கறள் ஏறி இறுகியிருக்கும். அதனால் நேற்றிரவே பாதி டீசல் பாதி மண்ணெண்ணெய் கலந்து ஊறவிட்டிருந்தேன். காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். எல்லாம் முறைப்படி. கோயில் பூசைகூட அவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

முதல் நட்டு வந்தது. கொஞ்சம் ஆடி ஆடித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். வழுக்கியது. திரும்பப் போட்டு இழுத்தேன். கை போய் றேடியேற்றரில் மோத, மூட்டுத் தோல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நட்டைக் குனிந்து பார்த்தேன். மூலையெல்லாம் மழுங்கி, சப்பி உமிழ்ந்த கல்லுச்சீனி மாதிரி இருந்தது. அப்போதுதான் ஸ்பானரைத் திருப்பிப் பார்த்தேன்.

12. மறுபக்கம் 13.

அது என் ஸ்பானரே இல்லை! பளபளவென்று புதுசு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 13 என்னைப் பார்த்துச் சிரித்தது.

வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன். வந்தார், வாயில் வேப்பங்குச்சி. "அண்ணை, இது என்ரை இல்லை, இது பதின்மூண்டு." அவர் அதை வாங்கி, வெயிலில் பிடித்து, நகை பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதின்மூண்டும் அரையும் ஒண்டுதானே தம்பி. இது புதுசு வேறை. உங்கட கறள் பிடிச்சுக் கிடந்தது."

கறள் பிடித்துக் கிடந்ததாம். அதாவது எனக்கு அவர் உபகாரம் செய்திருக்கிறார். நான்தான் நன்றி கெட்டவன்.

அப்போதே நான் கடையை மூடியிருக்கவேண்டும். மூடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சி ரவுணுக்குப் போனேன். இரும்புச் சாமான் விற்கிற கடையொன்றில் அரை இஞ்சி ஸ்பானர் கேட்டேன். கடைக்காரத் தம்பி உள்ளே போனான், இரண்டு நிமிடம் உருட்டினான், ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். பதின்மூன்று. "தம்பி, இது பதின்மூண்டு" என்றேன். "அண்ணை, இப்ப இதுதான் அரை. எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறவை" என்றான். இப்ப இதுதான் அரையாம்! எப்போதிலிருந்து? யார் மாற்றியது? வர்த்தமானியில் வந்ததா?

இரண்டாவது கடையில் இல்லை. மூன்றாவது கடையில் கொழும்பிலே வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகச் சொன்னார்கள். பழைய கார்க்காரன் எதைக் கேட்டாலும் பஞ்சிகாவத்தை என்று சொல்வது இந்த நாட்டில் ஒரு சடங்கு. ஒரு ஸ்பானருக்கு நான் 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டும். போகலாம், ஏன் போகக்கூடாது?

திரும்பி வந்தால் வளவுக்குள் கூட்டம். பொனற் திறந்து நின்றால் எங்கள் ஊரில் அது செத்தவீட்டுப் பந்தல் மாதிரி, யாரும் அழைக்கத் தேவையில்லை. சைக்கிளை மாமரத்தில் சாத்திவிட்டு ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: "உதுக்குத் தெர்மோஸ்டாட்டே தேவையில்லை. கழட்டி எறி. அந்தக் காலத்திலை மண்ணெண்ணெயிலை ஓடின வாகனங்கள் உது."

ஐயா, நானும் இங்கேதான் வளர்ந்தவன். தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினதை நானும் பார்த்தவன்தான். சூடான பிறகு! குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகாது, அதனால்தான் அந்தச் சொட்டுப் பெற்றோல். எஞ்சினைக் கெதியாகச் சூடாக்கி, அந்தச் சூட்டை விடாமல் வைத்திருக்கிற சாமானைத்தான் கழற்றி எறியச் சொல்கிறார். இதையெல்லாம் அவருக்குச் சொன்னேனா? இல்லை. "ஓம் ஐயா" என்றேன். வயது போனவர், தேத்தண்ணியும் கொடுத்தேன்.

இதற்குள் மகள் உதவிக்கு வந்தாள். சாக்குக்குள் கிண்டி, "அப்பா, இதிலையும் அரை எண்டு போட்டிருக்கு" என்று ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அது விட்வேர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு ஸ்பானர். அதில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிப்பு, வாயின் அகலம் இல்லை. அந்த அரையின் வாய்க்குள் என் பெருவிரல் போகும். பிள்ளையில் என்ன பிழை? அரை என்று எழுதினது அரையாக இல்லாத உலகத்தில்தான் அவளும் வளர்கிறாள்.

கடைசியில் பூட்டுக்குறட்டை எடுத்தேன். எடுக்கும்போதே தெரியும். ஆனால் மணி ஒன்றாகிவிட்டது, பிட்டு ஆறிவிட்டது, சனம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மானமென்று ஒன்று இருக்கிறதல்லவா. நட்டைக் கவ்விப் பிடித்து, மூச்சைப் பிடித்துத் திருப்பினேன். திரும்பியது. அப்பாடா என்றிருந்தது. வெண்ணெய் மாதிரி இலேசாகத் திரும்பியது. அவ்வளவு இலேசாகத் திரும்பக்கூடாது என்று மனம் சொல்லி முடிப்பதற்குள், டக்.

அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். ஒருவரும் பேசவில்லை. பெரியவர் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். எப்பவே? எதை?

இனி முறிந்த ஸ்டட்டின் மிச்சத் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, சூட்டோடு திருப்பி எடுக்கவேண்டும். அதற்கு வெல்டிங்காரர் வரவேண்டும். அவர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த மாதத்துச் செவ்வாய் என்று சொல்லவில்லை.

பின்னேரம் நாலரைக்கு எழும்பினேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பது என்ற முடிவோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். என்னென்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் பாடமாக்கினேன். அப்பாவின் சாக்கு, மல்லாவி, சித்தியின் கட்டில், எல்லாம் ஒழுங்காக வந்தன. அவருடைய படலையில் கை வைத்தேன்.

படலைக்குக் கொளுக்கி இல்லை. கம்பி வளையம் இரண்டு. அவற்றுக்குள் குறுக்கே ஒரு இரும்பு செருகியிருந்தது. ஒரு பக்கம் அரை, மறு பக்கம் ஏழு பை பதினாறு.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பாடமாக்கினது ஒன்றும் வாயில் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கறள் இல்லை. நாளுக்குப் பத்துத் தரம் இழுத்துச் செருகி நன்றாகத் தேய்ந்து மினுங்கியது. உள்ளே இருந்து அண்ணை கத்தினார்: "ஆர், தம்பியே? வாங்கோ வாங்கோ. வரேக்கை படலையைச் சாத்திப்போட்டு வாங்கோ, ஆடு மிளகாய்க் கண்டுக்குள்ளை பூந்திடும்."

சாத்தினேன். வளையங்களுக்குள் விட்டேன். 0.3 மில்லிமீற்றர்கூட ஆடவில்லை, அப்படிப் பொருத்தம்.