ஸ்ட்ரக்டை அழித்து கிளாஸ் என்று எழுதினால் போதுமா?

சி மொழியை முடித்துவிட்டு சி பிளஸ் பிளஸுக்கு வருகிறவர்களிடம், கிளாஸுக்குள் இருக்கும் டேட்டா மெம்பரை வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கு என்றால், ஆக்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பைப் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் எழுதுகிறார்கள். பூட்டுப் போட்டு சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி. பேங்க் அக்கவுண்ட் கிளாஸில் பேலன்ஸுக்கு எதற்கப்பா செட்டர்? டெபாசிட், வித்ட்ரா போதாதா?

அதைவிடக் கொடுமை, ஷேப் வகை வெக்டரில் (வரிசைப் பட்டியலில்), ஷேப்பிலிருந்து பிறந்த சர்க்கிள் ஆப்ஜெக்டைத் திணிப்பது. காப்பியாகும்போது ஷேப் பகுதி மட்டும்தான் உள்ளே போகும், ரேடியஸ் அம்பேல். ஏரியா ஃபங்ஷன் வர்ச்சுவலாகவே, அதாவது ஆப்ஜெக்டின் நிஜ வகைக்கு ஏற்ப ஓடுவதாகவே இருந்தாலும் ஷேப்புடையதுதான் ஓடும். அதில் ரிட்டர்ன் 0 என்று எழுதியிருந்தால் விடையும் 0. கம்பைலர் வாயே திறக்காது. வெறும் ஷேப் ஆப்ஜெக்டை உருவாக்கவே முடியாதபடி அந்த ஏரியாவை ப்யூர் வர்ச்சுவல் ஆக்கினால் அப்போதே எரர் வந்து தொலைக்கும். பிறகு ஆப்ஜெக்டைத் தானே அழிக்கும் யூனிக் பாயிண்டர், அப்படி அழிக்கும்போது சரியான வகையின் அழிப்பு வேலை ஓட உதவும் வர்ச்சுவல் டெஸ்ட்ரக்டர் எல்லாம் சொல்லலாம் என்றால், நடுவில் ஒருவர் ஆப்ஜெக்டை உருவாக்க, சி-யில் மெமரி வாங்கும் மாலாக் போடுகிறார். அது ஆப்ஜெக்டைத் தயார் செய்யும் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடவே கூப்பிடாது!