கரீபியன் தளம் என்றால் கடற்கரை விடுமுறையா?

"இரண்டாம் உலகப்போரில் கரீபியன் தளத்தில் இருந்த அமெரிக்க மாலுமிகளுக்குக் கடற்கரையும் ரம்மும்தான் வேலை, போர் அந்தப் பக்கமே வரவில்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கடற்கரை இருந்தது, பேஸ்பால் இருந்தது, சரி. போர் வரவில்லை என்பதுதான் தவறு.

1942 பிப்ரவரி 16 அன்று கரீபியன் தீவான அருபாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு வெளியே ஜெர்மன் நீர்மூழ்கி யு-156 டாங்கர்களை, அதாவது எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியது. ஆலையைச் சுடப்போனபோது பீரங்கி வாயின் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார்கள், குழாய் வெடித்தது. அந்த மறதி இல்லையென்றால் ஆலையின் கதி வேறு. இரண்டு நாள் கழித்து இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி யு-161, டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, நங்கூரமிட்டிருந்த இரண்டு கப்பல்களை டார்பிடோவால் அடித்தது.

அப்புறம் கடலுக்குப் போன மாலுமியின் ராத்திரி எப்படி? வெளிச்சம் தெரியக்கூடாது என்று கப்பலின் ஜன்னல்களை இறுக மூடிவிடுவார்கள். பகலெல்லாம் காய்ந்த இரும்பு, உள்ளே இட்லிப் பானை மாதிரி. மேல்தளத்தில் ஒரு சிகரெட் பற்றவைக்கக்கூட அனுமதி இல்லை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அதிகாரி படித்துப் பார்ப்பார். ஊர்ப் பெயர் இருந்தால் போச்சு, பிளேடால் வெட்டிவிடுவார். டிரினிடாடில் மலேரியா வேறு.

இன்னொன்று, கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோ 1940இல் பிரிட்டனிடமிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தவறு. 50 பழைய டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களுக்கு ஈடாகப் பிரிட்டனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்தவை டிரினிடாட், ஜமைக்கா, ஆன்டிகுவா போன்ற தீவுகளில் தளம் அமைக்கும் இடங்கள். குவாண்டனாமோவை 1903இலேயே கியூபாவிடம் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள்.