புரூயிட்-ஐகோ இடிந்தது வடிவமைப்பால் மட்டுமா?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 'விருது வாங்கிய' புரூயிட்-ஐகோ என்ற அரசு வாடகைக் குடியிருப்பு, வடிவமைப்பே மக்களைக் கெடுத்ததால் இடிக்கப்பட்டது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. அதற்குக் கட்டடக்கலை விருது எதுவும் கிடைக்கவே இல்லை.

மினோரு யமாசாகி வடிவமைத்த, 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் அவை. லிஃப்ட் 1, 4, 7, 10ஆம் தளங்களில் மட்டும் நிற்கும். மற்ற தளத்தினர் படியேற வேண்டும். வடிவமைப்பில் குறை இருந்தது, சரி. ஆனால் பராமரிப்புச் செலவு வாடகையை நம்பியே இருந்தது. 1950இல் எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரம், 1970க்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. வீடுகள் காலியாகி, வாடகை வரவும் சுருங்கியது. பழுதான லிஃப்டும் குழாயும் அப்படியே கிடந்தன. அங்கிருந்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் மீது பழி போடுவது அநியாயம். உழைக்கும் வலுவுள்ள ஆண் வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை கிடையாது என்ற விதி, தந்தையரையே வெளியேற வைத்தது. 1972இல் இடிப்பு தொடங்கியது.