ஒரே பிளக், உள்ளே வேறு கம்பி

பழைய வீடியோ கேம் பெட்டிகளை டிவியில் இணைக்கும் ஐரோப்பிய ஸ்கார்ட் பிளக்கைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. 21 பின். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் ஜப்பானிய ஆர்ஜிபி கேபிளுக்கும் அச்சு அசலாக அதே பிளக்தான். உள்ளே கம்பிகளின் இடம் மட்டும் வேறு. மாற்றிச் செருகினால் கருவியே பழுதாகலாம்.

சூப்பர் நின்டெண்டோ கேம் பெட்டி இன்னும் மோசம். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) பெட்டிக்கான கேபிளில் மூன்று நிறக் கம்பிகளிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். பால் (PAL, ஐரோப்பிய டிவி முறை) பெட்டிக்கோ 75 ஓம் ரெசிஸ்டர். அதிலும் பால் பெட்டியில் சிங்க் (படத்தை நிலையாக நிறுத்தும் சிக்னல்) இருக்க வேண்டிய பின்னில் 12 வோல்ட் வருகிறது! விற்பவர்கள் இதில் ஒன்றையும் எழுதுவதில்லை.

நான் வாங்கிய கேபிளில் சிங்க் கம்பியே இணைக்கவில்லை. படம் உருண்டுகொண்டே இருந்தது. மானிட்டர் போய்விட்டதென்றே இரண்டு நாள் தவித்தேன். மானிட்டரில் செருகும் நான்கு பிஎன்சி (திருகிப் பூட்டும் வட்ட பிளக்) முனைகளில் எது சிங்க் என்று ஒரு சீட்டாவது ஒட்டக் கூடாதா?