நீட் இல்லாமல் வெளிநாட்டில் மருத்துவமா?

‘நீட் வேண்டாம், ஜார்ஜியாவில் ஆங்கிலத்திலேயே டாக்டர் படிப்பு, திரும்பியதும் கிளினிக் போடலாம்’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. அங்கே சீட் கிடைத்துவிடலாம். சிக்கல் ஊர் திரும்பிய பிறகுதான். 2018 முதல் வெளிநாடு போகிறவர்களுக்கும் நீட் தேர்ச்சி கட்டாயம். அது இல்லாவிட்டால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுதவேண்டிய தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.யையே எழுத முடியாது. எழுதினாலும் 300க்கு 150 எடுத்தாக வேண்டும். அப்புறம் 2021 விதிகள்: குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, இங்கே வந்து இன்னொரு 12 மாதம். படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி தரும் பட்டமாகவும் அது இருக்க வேண்டும். ஏஜென்ட் நீட்டும் வழவழப்பான தாளில் கட்டணம்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். முன்பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்துக்கு அங்கே பதிவுத் தகுதி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.