உன் ஞானஸ்நானம் போதாது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்

துன்பத்தில் கிடக்கும் ஒருவரிடம் போய், "நீங்கள் எடுத்த ஞானஸ்நானம் சரியானதுதானா?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வேலை போய், பின்னாலேயே நோயும் வந்து, வாய் திறந்து ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் இருந்த மாதங்களில் என்னிடமும் இதைக் கேட்டார்கள். குழந்தையாக இருந்தபோது பெற்றது செல்லாதாம். விசுவாசத்தோடு மறுபடி எடுத்தால் எல்லாம் மாறிவிடுமாம். அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் விழுந்து கிடப்பவன் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிட்டுப் போனார்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா, விசுவாசித்த பிறகுதானா என்பது 1525-இல் சூரிச் நகரில் வெடித்து, இன்றுவரை ஓயாத விவாதம். அதைத் தீர்க்க நான் வரவில்லை. எந்த வயதில் பெற்றாலும் ஞானஸ்நானத்தில் முதலில் பேசுகிறவர் கடவுள் என்பதே என் நம்பிக்கை.

மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தானிலிருந்து கரையேறும் இயேசுவிடம், "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. அந்தச் சுவிசேஷத்தில் அதுவரை அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை, ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. அடுத்த வசனத்திலேயே ஆவியானவர் அவரை வனாந்தரத்துக்கு அனுப்புகிறார். 40 நாள். சாத்தானின் சோதனை, சுற்றிலும் காட்டுமிருகங்கள். நேசகுமாரனுக்கே வனாந்தரம் இருந்ததென்றால், என் வனாந்தரத்தை மட்டும் கடவுள் கைவிட்டதற்கு அடையாளம் என்று எப்படிச் சொல்வது?

அந்த மாதங்களில் கடவுள் அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை. என்னைத் தாங்கியது வேறொன்று. என் நினைவிலேயே இல்லாத ஒரு நாளில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே, என் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். அதில் என் முயற்சி எதுவும் இல்லை. ஆகவே என் தளர்ச்சியால் அது கலைந்துபோகவும் முடியாது. 1529-இல் வெளிவந்த பெரிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் போதனை நூலில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இதைத்தான் கற்பிக்கிறார்: மனச்சாட்சி நெருக்கும்போது, "ஆனாலும் நான் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறேன்" என்று சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டும். உணர்ச்சி வற்றிப்போனவனும் சொல்லக்கூடிய வாக்கியம் அது. நான் சொன்னேன், பல இரவுகளில்.

அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணி, பட்டயத்தை உருவித் தன்னைக் கொன்றுகொள்ளப் போனவன் அவன். அவன் காவலில் கைதியாக இருந்த பவுல் கூப்பிட்டுத் தடுத்தார். அந்த இரவிலேயே அவனும் அவன் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்கு முன்னால் அவன் செய்த ஒரு காரியத்தை லூக்கா விடாமல் எழுதியிருக்கிறார்: அடிபட்டிருந்த பவுல், சீலாவின் காயங்களைக் கழுவினான். சபைகளில் இதை இன்னும் அதிகமாகப் பிரசங்கிக்க வேண்டும்.

எங்கள் சபையின் மூத்த சகோதரி ஒருவர் என் விசுவாசத்தை அளந்து பார்க்க வரவில்லை. மருத்துவமனை வரிசையில் என்னோடு உட்கார்ந்து ஏசாயா 43-ஐ வாசித்தார்: "பயப்படாதே, உன்னை மீட்டுக்கொண்டேன், உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." பாபிலோனில் சிறைப்பட்டிருந்த மக்களுக்கான வார்த்தைகள் அவை. தண்ணீரும் நெருப்பும் வரவே வராது என்று அங்கே வாக்கு இல்லை. கடக்கும்போது கூட இருப்பேன் என்றுதான் இருக்கிறது.

எனக்குச் சிகிச்சை இன்னும் தொடர்கிறது. வேலையும் கிடைக்கவில்லை. மறுபடி ஞானஸ்நானம் எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.