கடலுக்கு இரண்டு தடவை வாடகை

கடற்கரை நகரத்தில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கடலுக்குப் பக்கத்துல எந்த ஏரியா நல்லா இருக்கும்?" அலுவலகம் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்டால்தான் அதைச் சொல்கிறார்கள். எனக்கு இந்த வரிசையே பிடிப்பதில்லை. என் கட்சி இது: வாடகைக்குப் போகிறவர் கணக்குப் போடும்போது கடலை வசதி என்ற பக்கத்தில் எழுதவே கூடாது. செலவு என்ற பக்கத்தில் எழுதலாம்.

சொந்தமாக வாங்குகிறவர் கதை வேறு. கடற்கரையோர மனையின் மதிப்பு ஏறினால் அந்த ஏற்றம் அவருக்குச் சேரும். ஜன்னல் கம்பி துருப்பிடித்தாலும் சுவரில் காரை உதிர்ந்தாலும் அந்த லாபத்தில் கழித்துக்கொள்வார். வாடகைக்காரருக்கு லாபத்தில் பங்கு கிடையாது, உப்பில் மட்டும் முழுப் பங்கு உண்டு. கடல் தெரிகிறது என்பதற்காக மாதாமாதம் கூடுதல் வாடகை ஒரு பக்கம். ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பைக் என்று ரிப்பேர் செலவு இன்னொரு பக்கம். ஒரே கடலுக்கு இரண்டு தடவை காசு.

முதலில் தூரத்தைப் பேசுவோம். வேலை நடக்கிற மையத்தை நெருங்க நெருங்க வாடகை ஏறும், விலக விலக இறங்கும். வாடகையையும் பயணத்தையும் எடைபோட்டுத்தான் ஒவ்வொருவரும் இடம் பிடிக்கிறார்கள். வில்லியம் அலோன்சோ என்ற பொருளாதார ஆய்வாளர் 1964-ல் இதை ஒழுங்கான ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்தார். ஆனால் அந்தப் படத்தில் நகரம் ஒரு முழு வட்டம். மையம் கரையிலேயே இருக்கும் நகரத்தில் வட்டத்தின் பாதி தண்ணீர். அதே ஜனத்தொகையை அதே நெருக்கத்தில் அரை வட்டத்துக்குள் அடைக்க வேண்டுமானால் ஆரம் கிட்டத்தட்ட 1.41 மடங்காக வேண்டும். அதாவது, மற்றதெல்லாம் சமமாக இருந்தால், உள்நாட்டு நகரத்துக்காரரை விடக் கடற்கரை நகரத்துக்காரர் சராசரியாக நாற்பது சதவீதம் கூடுதலாகப் பயணம் செய்தாக வேண்டும். கடல் அழகாக இருக்கிறது, சரி. அது நகரத்தின் பாதி நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் உண்மைதானே?

"வாடகை மிச்சமாகிறதே, கொஞ்சம் தூரம் போனால் என்ன" என்பது அடுத்த வாதம். புரூனோ ஃப்ரே, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து இதைச் சோதித்தார்கள், 2008-ல் வெளியானது. கோட்பாட்டின்படி, நீண்ட பயணம் செய்கிறவருக்குக் குறைந்த வாடகையோ கூடுதல் சம்பளமோ அந்தக் கஷ்டத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும். ஈடுகட்டவில்லை. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைமீதான திருப்தி குறைந்துகொண்டே போனது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வீடு பார்க்கும் நாளில் கூடுதலாக ஒரு அறை கண்ணுக்குத் தெரிகிறது. பஸ்ஸில் நிற்கப் போகும் நேரம் தெரிவதில்லை. அறை ஒரு மாதத்தில் பழகிவிடும், நெரிசல் பழகவே பழகாது.

கிலோமீட்டர் கணக்கும் உதவாது. கடற்கரை நகரங்கள் பெரும்பாலும் ஆறு கடலில் கலக்கும் இடத்திலோ துறைமுகத்தைச் சுற்றியோ வளர்ந்தவை. நடுவில் ஒரு கழிமுகம், ஒரு உப்பங்கழி, ஒரு கால்வாய் கட்டாயம் இருக்கும். அதைத் தாண்டப் பாலங்கள் ஒன்றிரண்டுதான். வரைபடத்தில் எதிர்க்கரை கூப்பிடு தூரம், அவ்வளவு பக்கம். காலை ஒன்பது மணிக்கு நகரத்தின் பாதிப் பேர் அந்த ஒரே பாலத்தில் ஏறுவார்கள். ஒரு லாரி மக்கர் பண்ணினால் உங்கள் காலை முடிந்தது. சுற்று வழி என்று ஒன்று இருக்காது, ஏனென்றால் ஒரு பக்கம் கடல். ஆகவே என் முதல் விதி: ஆற்றுக்கு எந்தப் பக்கம் அலுவலகமோ அந்தப் பக்கம் வீடு. பாலம் தாண்டாத எட்டு கிலோமீட்டர், பாலம் தாண்டும் மூன்று கிலோமீட்டரை விட எனக்குப் பக்கம். கரைக்கு இணையாக ரயில் ஓடுகிற ஊராக இருந்தால் இந்த விதியைத் தளர்த்தலாம், ஸ்டேஷனுக்கு நடந்தே போக முடிகிற தெருவாக இருக்கும்வரை. ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் ஸ்டேஷன் என்றால் அது ரயில் வசதி அல்ல, ரயில் பார்க்கும் வசதி.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், அலுவலகம் போகும் நேரத்திலேயே, அந்த வழியை ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். புரோக்கர் வீடு காட்டுவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊரும் சின்ன ஊர்தான்.

இப்போது காற்று. "என்ன இருந்தாலும் கடல் காத்து வருமே" என்று சொல்லாத ஆள் இல்லை. வரும், மறுக்கவில்லை. ஆனால் எப்போது வரும்? வெயிலில் தரை கடலை விட வேகமாகச் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. எனவே அது முற்பகலில் கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், இருட்டிய பிறகு தளரும். நடு இரவுக்கு மேல் பெரும்பாலும் திசையே மாறி, தரையிலிருந்து கடலுக்குப் போகும். அதாவது கடல் காற்று பலமாக வீசும் நேரத்தில் நீங்கள் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் ஜன்னல் திரை மட்டும் அதை அனுபவிக்கிறது. அதோடு அந்தக் காற்று முதல் தெருவோடு நின்றுவிடுவதும் இல்லை, நிலத்துக்குள் பல கிலோமீட்டர் போகக்கூடியது. கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே, கடலை நோக்கி நேராக ஓடும் தெருவில் உள்ள வீட்டுக்கு, கரையோரம் ஒரு பெரிய அடுக்குமாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வீட்டை விட நல்ல காற்று கிடைக்கலாம். தெருவின் திசையைப் பார்ப்பவர் குறைவு. பார்க்க வேண்டியது அதைத்தான்.

காற்று உள்ளே தாராளமாக வருகிறது, உப்பு அவ்வளவு தூரம் வருவதில்லை. இது வாடகைக்காரருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள்தான் உப்பைச் சுமந்து வருகின்றன. திறந்த வெளியாக இருந்தால் கொஞ்சம் அதிக தூரம் போகும். பொதுவாக முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே அது படிவது சட்டென்று குறைந்துவிடும். அந்தச் சில நூறு மீட்டருக்குள் என்ன நடக்கும் என்பதை ஏசியின் வெளி யூனிட்டிடம் கேட்க வேண்டும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் முதலில் அரிக்கும். கான்கிரீட்டுக்குள்ளும் இதே கதைதான். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கி முறுக்குக் கம்பியின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். துரு, தான் தின்ற இரும்பை விட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து தள்ளத் தள்ள, சீலிங் காரை தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். வீடு பார்க்கும்போது புது பெயின்ட்டில் மயங்காமல் பால்கனியின் அடிப்பகுதியை அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி வீங்குகிறது. பாத்ரூம் கீல், கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் ஸ்குரூ எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். வீட்டைப் பற்றி நினைக்கிற ஓனர் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருப்பார். சாதாரண 304 ரகம் கடல் ஓரத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

சரி, அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றால், இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடலை விட்டு விலக விலகத் தரை உயரும் என்பது எல்லா இடத்திலும் உண்மை இல்லை. பல கரைகளில் கடலை ஒட்டி ஒரு மணல்மேடு இருக்கும். அதற்குப் பின்னால்தான் பள்ளம். ஒரு காலத்தில் உப்பங்கழியாகவோ சதுப்பாகவோ இருந்து, பிறகு மண் அடித்து மனை போட்ட நிலம். பழைய மீனவர் குடியிருப்புகளும் கோயில்களும் மேட்டில் இருக்கும், புத்தம்புது அப்பார்ட்மென்ட்டுகள் பள்ளத்தில் இருக்கும். கட்டடம் எவ்வளவு புதிதோ அவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பது என் வழக்கம்.

பள்ளத்தின் சிக்கல் மழை மட்டும் அல்ல. மழைநீர் வடிகால் கடலில்தான் முடிகிறது, கடலோ ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஓதம், அதாவது கடலின் ஏற்றம், வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் உயரமாக ஏறும். ஓதம் ஏறியிருக்கும்போது கனமழை கொட்டினால் வடிகாலில் தண்ணீர் போக இடமில்லை. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது ஓதமும் சேர்ந்துகொண்டது, நகரம் மூழ்கியது. மயாமியில் மழையே தேவையில்லை. அடியில் துளைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை; உயர்ந்த ஓதம் வரும் நாட்களில் நல்ல வெயிலிலேயே தெருவில் கடல் நீர் ஊறி வரும். உலக சராசரிக் கடல்மட்டம் 1901-க்கும் 2018-க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பழைய வடிகால்களுக்கு அந்த இருபது சென்டிமீட்டர் ரொம்பப் பெரிது.

இதை ஓனரிடம் கேட்டுப் பயனில்லை. "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பது அவர் தேசிய கீதம். தெருவே பதில் சொல்லும். காம்பவுண்டு சுவரில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது? மின் மீட்டர் பெட்டியைத் தோள் உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்களா? மோட்டாருக்கு மேடை கட்டியிருக்கிறார்களா? பழைய வீடுகளின் வாசல் ரோட்டை விடத் தாழ்ந்து போயிருக்கிறதா? கடைசியாக வாட்ச்மேன். அவருக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை, தண்ணீரில் நின்றதும் அவர்தான்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருவது போர்வெல். கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது, அடர்த்தி வித்தியாசத்தால். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய சூத்திரம். திருப்பிப் போட்டால்தான் அதன் பயங்கரம் புரியும்: மேலே ஒரு மீட்டர் உறிஞ்சி எடுத்தால் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரத் தயாராகும். தெருவில் எல்லா அப்பார்ட்மென்ட்டும் இரவு பகலாக மோட்டார் போட்டால் நடப்பது இதுதான். வீடு பார்க்கப் போகும்போது பையில் ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் என்றால் குடிக்க நன்றாக இருக்கும். 1000 தாண்டினால் வாய்க்கே தெரியும், கீசருக்கும் குழாய்க்கும் சீக்கிரம் தெரியும். மழைக்காலம் முடிந்த கையோடு பார்த்தால் அளவு குறைவாகக் காட்டும். கோடையில் எவ்வளவு என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

இன்னொன்று, கரையோர ஏரியாக்களில் வாடகைக்காரரின் போட்டியாளர் இன்னொரு வாடகைக்காரர் மட்டும் அல்ல, சுற்றுலாப் பயணியும்தான். வாரக் கடைசியில் வருபவர் ஒரு இரவுக்குக் கொடுப்பதை மாதம் முழுக்க நீங்கள் கொடுக்க முடியாது. பார்சிலோனாவில் இது முற்றிப்போய், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா அப்பார்ட்மென்ட் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக நகர நிர்வாகம் 2024-ல் அறிவித்தது. அந்த அளவுக்குப் போகாத ஊரிலும் கதை அதேதான். ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் "பையன் வரான், வீடு வேணும்" என்பார்கள். அந்தப் பையன் பெட்டி தள்ளிக்கொண்டு வாராவாரம் ஒரு முகத்தோடு வருவான்.

இவ்வளவுக்குப் பிறகும் படுக்கையிலிருந்து கடல் தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆசைக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். ஒன்று மட்டும் செய்யுங்கள். ஏசி வெளி யூனிட், ஜன்னல் கிரில், கீசர், மோட்டார், இவற்றில் உப்பு அரித்தால் செலவு யாருடையது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்கு, பாத்துக்கலாம்" என்று ஓனர் சிரித்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்புங்கள். இந்த முறை பாலத்துக்கு இந்தப் பக்கம்.